அடுப்பில் வைத்த சாட்சி

ஒரு கல்யாணப் பந்தியில், தெரிந்த ஓர் அக்காவுக்குப் பக்கத்து இலை எனக்கு வாய்த்தது. பந்தியை விசாரித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர், "சாப்பாடு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார். எல்லாரும் சொல்வதுபோல நானும் "பிரமாதமுங்க" என்று சொல்லி வைத்தேன். அந்த அக்கா இலையை ஒரு முறை பார்த்துவிட்டு, "ரசம் வரைக்கும் நல்லாருக்கு. பாயசம் இன்னும் வரல" என்றார். கேட்டவர் சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று புரியாமல் அடுத்த இலைக்கு நகர்ந்தார். அக்கா கிண்டல் செய்யவில்லை. பாயசம் வந்து, குடித்து முடித்த பிறகு, அந்த மனிதரைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து, "பாயசமும் நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போனார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது அவர் திருப்பூரில் இல்லை என்றாலும், பெயரோடு எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, "அண்ணாச்சி, மூணாவது வரியில ஒரு தப்பு இருக்கு" என்று போன் செய்வார். செய்யக்கூடிய ஆள்தான்.

தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். கணவர் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். இவர் வேலை பார்த்தது துணிகளைச் சோதிக்கும் ஒரு லேப்பில். அங்கே மற்ற எல்லாரும் சாயம் போகிறதா, துவைத்தால் சுருங்குகிறதா என்று பனியன் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். நடையின் கடைசியில், எப்போதும் கதவு சாத்தியிருக்கும் ஏசி அறையில், இவர் மட்டும் கல்லைச் சூடாக்கிக்கொண்டிருப்பார்.

அந்த மெஷினை டி.ஜி.ஏ. என்பார்கள். தராசு வைத்த அடுப்பு என்று நான் புரிந்துகொண்டேன். ஒரு அரிசி பிடிக்கிற அளவுக்குச் சின்னக் கிண்ணத்தில் கல்லைப் போட்டு உள்ளே வைத்தால், அடுப்பு நிமிடத்துக்குப் பத்து டிகிரியாகச் சூடு ஏற்றும். சூடு ஏற ஏற எடை எவ்வளவு குறைகிறது என்று திரையில் ஒரு கோடு வரைந்துகொண்டே போகும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கல்லுக்குள் என்ன இருந்தது என்று சொல்லுவார்.

பனியன் ஊரில் கல்லுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் பிழைப்பே அந்தக் கல்தான். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எனக்கு ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. ஏற்றுமதிக்குப் போகிற அட்டைப் பெட்டிகளுக்குள், துணியில் ஈரம் தங்காமல் இருக்க, சின்னச் சின்னப் பாக்கெட் போடுவார்கள் அல்லவா, அதைத் தயாரிக்கிறோம். உள்ளே இருப்பது ஜியோலைட் குண்டுகள். கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. டிரம்மில் வரும், நாங்கள் பாக்கெட்டில் நிரப்பி ஒட்டி அனுப்புகிறோம்.

முதல் தடவை நான் அவரிடம் போனது ஒரு புது வியாபாரியின் சரக்கை எடுத்துக்கொண்டு. விலை மலிவாகக் கொடுத்தான், அதனால் சந்தேகம். கல்லைக் கொடுத்துவிட்டு, "நல்ல சரக்குங்களா, பார்த்தா எப்படித் தெரியுதுங்கக்கா?" என்று கேட்டேன். "பாத்தா வெள்ளையாத் தெரியுது" என்றார்.

உடனே வைக்கவும் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் துணியை அழுத்தித் தேய்க்கும் பெரிய மெஷின் ஓடினால் அந்த அதிர்வு அவருடைய தராசுக்கு ஆகாது. அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் வரை காத்திருந்தார். அதற்குள் வெறும் கிண்ணத்தை வைத்து ஒரு முறை முழுதாக ஓட்டினார். ஒன்றுமே இல்லாத கிண்ணத்தை ஆயிரம் டிகிரி வரை சூடாக்கி, கோடு நேராகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கரண்டுக்குப் பிடித்த கேடு என்று நினைத்தேன். "எதுக்குங்கக்கா இது?" என்றால், "மெஷினு பொய் சொல்லுதான்னு பாக்கணும்லா. அதுக்கப்புறந்தான் கல்லைக் கேக்கணும்" என்றார். இதை அவர் தினமும் செய்தார். ஒரு நாளும் விட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பிறகு கல் உள்ளே போனது. கோடு மெதுவாக இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் அக்காவின் வாய் திறந்தது. ஜியோலைட் என்பது சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்து கட்டிய சின்னச் சின்ன அறைகள். அந்த அறைகளில் தண்ணீர் குடியிருக்கும். சூடாக்கினால் வெளியேறிவிடும், சுவர்கள் அப்படியே நிற்கும். ஆறினால் காற்றிலிருந்து மறுபடி குடித்துக்கொள்ளும். களிமண்ணும் அதே சரக்கில் ஆனதுதான், ஆனால் அதன் தண்ணீர் சுவருக்குள்ளேயே கலந்திருக்கிறது. ஐநூறு டிகிரி வாக்கில் அது போனால் சுவரும் போச்சு. பிறகு எத்தனை தண்ணீர் காட்டினாலும் அது பழைய களிமண் ஆகாது.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோடு ஐநூறில் படிக்கட்டுபோல ஒரு இறங்கு இறங்கியது. "சுடாத களிமண்ணு கலந்திருக்கு" என்றார்.

"அப்ப அந்த ஆளு திருட்டுப் பயலுங்களா?"

"கலந்திருக்குன்னுதான் தெரியுது. யாரு கலந்தான்னு இதுல தெரியாது."

கடைசியில், ஒப்பிட்டுப் பார்க்க நான் கொண்டுபோயிருந்த என் பழைய சரக்கில் ஒரு குண்டையும் சுட்டு ஆறவைத்து, மேசைத் தராசில் திறந்து வைத்தார். எண்கள் மெல்ல ஏற ஆரம்பித்தன. யாரும் ஒன்றும் போடவில்லை. வெறும் காற்றிலிருந்து கல் குடித்துக்கொண்டிருந்தது. அத்தனை வருடமாக டிரம் டிரம்மாக வாங்கி விற்ற சரக்கு, கண் முன்னால் உயிருள்ளதுபோல நடந்துகொண்டதை அன்றுதான் பார்த்தேன். என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "நீங்க மூச்சு விடுங்க அண்ணாச்சி, அதுக்கொண்ணும் ஆகாது" என்றார்.

அதன் பிறகு வேலை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். ஒரு சாயப்பட்டறை முதலாளி அங்கே கத்திக்கொண்டிருந்ததை ஒரு நாள் பார்த்தேன். ரிப்போர்ட்டை மாற்றிக் கொடு என்கிறார். அக்கா பதிலுக்குக் கத்தவில்லை, பயப்படவும் இல்லை. "இன்னொரு தடவ ஓட்டுதேன்" என்றார். "இன்னொரு தடவ ஓட்டுனா மட்டும் மாறிருமா?" என்று அவர் எகிறினார். "ஓட்டுனாத்தான் தெரியும்" என்றார் அக்கா. முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அக்கா மறுபடி ஓட்டினார். அதேதான் வந்தது. அக்கா முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை, மாறி வந்திருந்தாலும் இப்படியேதான் இருந்திருப்பார் என்று தோன்றியது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் நான் என் கைவரிசையைக் காட்டப் போனேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. நாலு மாதம் கழித்து, எங்கள் பாக்கெட்டை வாங்கும் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் பேக்கிங் மேனேஜர் கூப்பிட்டார். வெளிநாட்டில் பெட்டியைத் திறந்தால் பனியன் முழுக்கக் கறுப்புப் பொட்டாகப் பூசணம் பூத்திருக்கிறது. "ஏனுங், உங்க பாக்கெட்டே தண்ணி குடிச்சுப்போட்டுத்தான் எங்ககிட்ட வந்துச்சுங்களாட்ட இருக்குது?" என்றார்.

பாக்கெட்டின் லாட் நம்பரைப் பார்த்ததும் அது எந்த நாள் நிரப்பியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மழை நாளில் ஒரு காலை, டிரம் மூடியின் கிளிப் கழன்று மூடி ஓரமாகத் தூக்கிக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன். முந்தின நாள் கடைசியாக அதை மூடியது ஈஸ்வரி. தாராபுரத்துக்காரி. பாக்கெட் ஒட்டும் மெஷினில் ஆறு வருடம் என்னிடம் வேலை பார்த்தவள். அன்றைக்கே கேட்டேன். "மூடி, கிளிப்பும் போட்டுட்டுத்தானுங்க போனேன்" என்றாள். அனுப்ப வேண்டிய அவசரம். மேலாகக் கொஞ்சம் அள்ளி வெளியே போட்டுவிட்டு மீதியை நிரப்பச் சொன்னவன் நான்தான். அந்த நிரப்பல்தான் இந்த லாட்.

திரும்பி வந்த பாக்கெட்டைச் சோதித்துப் பயனில்லை. அது கப்பலில் குடித்ததா, எங்களிடமே குடித்ததா என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் ஒவ்வொரு லாட்டிலும் ஒரே ஒரு பாக்கெட்டை நாங்கள் டப்பாவில் போட்டு மூடி எடுத்து வைப்போம். அது உலர்ந்திருந்தால் தப்பு எங்களுடையது இல்லை. ஈரமாக இருந்தால் டிரம் இரவெல்லாம் திறந்து கிடந்திருக்கிறது. மேனேஜர் நியாயமான மனிதர். "அந்த லேப்ல இருக்கற அம்மாகிட்டக் குடுங்க. அவங்க சொன்னா நாங்க ஒத்துக்கறமுங்க" என்றார்.

ஈஸ்வரிக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை யூனிட்டில் மற்ற பெண்கள் அவளிடம் சரியாகப் பேசாமல் இருந்தார்கள். ஒருத்தியின் கவனக்குறைவால் எல்லாருக்கும் வேலை போகப் போகிறது என்ற பேச்சு. "அதைக் கொண்டு போங்கண்ணா. அந்தக்கா பார்த்தா நான் மூடுனது தெரிஞ்சு போயிரும்" என்றாள்.

நான் என்ன செய்தேன்? ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பாக்கெட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மனைவி கணியூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பாக்கெட்டைக் கத்தரித்து, குண்டுகளைத் தட்டில் பரப்பி, அவள் கேக் செய்யும் ஓவனில் வைத்து, முள்ளைக் கடைசி வரை திருப்பினேன். மூன்று மணி நேரம். சூட்டோடு சூடாகப் புதுப் பாக்கெட்டில் போட்டு ஒட்டி, அதே டப்பாவில் அடைத்து மூடினேன். எங்கள் ஊரில் இதை யாரும் பெரிய தப்பாக நினைப்பதில்லை. டெஸ்ட்டுக்குப் போகிற பனியன் தனியாகத் தைக்கப்படும், கண்டெய்னரில் போகிறது வேறு. நல்ல பீஸாகப் பார்த்துக் கொடுப்பது என்று அதற்கு ஒரு மரியாதையான பேரும் உண்டு. என் யூனிட்டையும் ஈஸ்வரியையும் சேர்த்தே காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தேன்.

திங்கட்கிழமை மதியம். வழக்கம்போல வெறும் கிண்ணம். பிறகு என் கல். கல்லை ஏற்றுகிறபோது அவர் கை காட்டிய வேகம் ஆச்சரியமானது; காற்றில் ஒரு துளி குடிக்கவும் நேரம் விடமாட்டார். கோடு கிளம்பியது. நூறு டிகிரி. நூற்று ஐம்பது. கோடு அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இருநூறு. இருநூற்று முப்பதைத் தாண்டியதும் மெல்ல இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம்தான். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுல கேக்கு செய்யுத ஓவன் இருக்கா?"

"இ... இருக்குதுங்கக்கா."

"அதுல முள்ளு இருநூத்தி முப்பதோட நின்னுருமா?"

என் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை.

"எவ்வளவு நல்லா மூடி வச்சாலும் நாலு மாசம் கெடந்த கல்லு ஒரு வாய் குடிச்சிருக்கும்" என்றார். "எழுபது எம்பதுலயே அதை விட ஆரம்பிச்சிரும். இது இருநூத்தி முப்பது வரைக்கும் விடுததுக்கு ஒண்ணுமில்லாம இருக்கு. அந்தச் சூடு வரைக்கும் இதை யாரோ ஏற்கெனவே கூட்டிட்டுப் போயிருக்காவ."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்கு முன்னால் மறைக்க என்ன இருக்கிறது? எவனோ ஒருவன் ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுச் சமையலறையில் செய்த காரியத்தை, ஓவன் முள்ளின் அளவு உட்பட, ஒரு குண்டுக் கல்லிலிருந்து படித்துவிட்டார். அவமானத்தைவிட எனக்கு அப்போது பெரிதாக இருந்தது பிரமிப்புதான். சத்தியமாகச் சொல்கிறேன், கும்பிடத் தோன்றியது.

அவர் திட்டவில்லை. "சுடாம கொஞ்சம் எடுத்து வச்சிருக்கியளா? ஒரு குண்டு இருந்தாலும் போதும்" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்கக்கா. எல்லாத்தையும் வெச்சுப்புட்டேன்."

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அப்ப அந்தப் பிள்ளை மூடுச்சா இல்லையாங்கிறது போச்சே" என்றார்.

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. அந்தக் கல் உலர்ந்துதான் இருந்திருக்கலாம். ஈஸ்வரி மூடியிருக்கலாம். கிளிப் பிறகு தானாகக் கழன்றிருக்கலாம். அவளுக்கு இருந்த ஒரே சாட்சியை நான் அடுப்பில் வைத்துவிட்டேன்.

ரிப்போர்ட்டில் இரண்டு வரி எழுதினார். சோதனைக்கு முன்பே இது ஏறக்குறைய இருநூற்று முப்பது டிகிரியில் சூடாக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் இருந்த ஈரம் பற்றி எதுவும் சொல்ல இயலாது. நான் கெஞ்சினேன். "ஈரம் இல்லைன்னு மட்டும் எழுதுங்கக்கா. அது பொய்யில்லீங்களே."

"பொய்யில்லதான். ஆனா படிக்கிதவிய வேற ஒண்ணை நெனச்சுக்கிடுவாவ."

கொண்டு போய்க் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம் என்று காகிதத்தை என்னிடமே தந்துவிட்டார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு லேப்புக்குப் போயிருக்கலாம். முடியவில்லை. நேராகப் போய் மேனேஜரிடம் நீட்டி, ஓவன் கதையையும் சொன்னேன். அந்தக் கம்பெனி எங்களை நிறுத்திவிட்டது. வேறு இரண்டு கம்பெனிகள் இருந்ததால் யூனிட் பிழைத்தது.

ஈஸ்வரியிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ஒட்டும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அடுப்புல வெச்சீங்களா?" என்றாள். பிறகு, "அப்ப நான் மூடலைன்னு நீங்க மொதல்லயே முடிவு பண்ணீட்டீங்க" என்றாள். அன்றைய வேலையை முடித்து, மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

இதோடு அக்காவின் கடமை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, அதே சரக்கில் புது டிரம் இருந்தால் ஒரு பிடி வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது. அதில் பாதியை ஈரக்காற்றில் இரவு முழுக்கத் திறந்து வைத்திருக்கிறார். பாதியை மூடியே வைத்திருக்கிறார். இரண்டையும் இருநூற்று முப்பதில் மூன்று மணி நேரம் சுட்டு, தனித்தனியாக ஓட்டியிருக்கிறார். ஒரு தடவை நனைந்து காய்ந்த கல்லுக்கும் நனையாத கல்லுக்கும் எங்கேயாவது ஒரு நூல் வித்தியாசம் மிஞ்சுகிறதா என்று தேடியிருக்கிறார். தினமும் பக்கத்து மெஷின் நிற்கும் மதிய நேரத்தில், தன் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு மாதத்துக்கு மேல். பில் எதுவும் இல்லை. ஈஸ்வரியை அவர் பார்த்ததுகூட இல்லை.

"அந்தப் பிள்ளைய ஒரு தடவ கூட்டிட்டு வாரியளா?" என்றார். "நான் பாத்ததை அவகிட்டத்தான் சொல்லணும்."

ஈஸ்வரி வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தாள். வழி முழுக்க என்னோடு பேசவில்லை. அக்கா அவளை உட்காரவைத்து, இரண்டு காகிதங்களை எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு கோடு இருந்தது கண்ணுக்கே தெரியவில்லை. ஒன்றாகத்தான் தெரிந்தது.

"எல்லா விதத்திலயும் பாத்துட்டேன் தாயி" என்றார் அக்கா. "நனைஞ்சதும் நனையாததும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. பிரிச்சுச் சொல்ல முடியல."

ஈஸ்வரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் மூடுனனுங்கக்கா" என்றாள். "நீங்க சொல்லுங்க. மூடித்தானுங்களே இருந்துச்சு?"

அந்த நேரத்தில் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? நான் மனசுக்குள் மன்றாடினேன். அக்காவின் உதடு ஒரு முறை அசைந்தது. கண் கலங்கிவிட்டது.

"சொல்லணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றார். "தெரியல தாயி."

ஈஸ்வரி எழுந்தாள். காகிதம் பிடித்திருந்த அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒருத்தராச்சும் நான் மூடலைன்னு சொல்லலீங்களே, அதே போதுமுங்க" என்றாள்.